மழை நிறுத்திய ஆட்டமும் பகடையின் நேர்மையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டம் ஒன்றின் விழா மேடையில் அமெரிக்கப் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. ஆயின், உள்ளதை உள்ளவாறு காட்டுவது எங்ஙனம் என்னும் சிக்கல் கவிஞர்க்கும் கதைஞர்க்கும் மட்டுமே உரியதன்று. அமெரிக்க நாட்டில் மேசைமீது அட்டைகளைப் பரப்பி, பகடைகளை உருட்டி, பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு முழுப் பருவத்தையும் வீட்டு அறைக்குள்ளேயே மீண்டும் நிகழ்த்திப் பார்க்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுள் பலர் இன்று பகடைக்கு மாற்றாகக் கணினியைப் பயன்படுத்துகின்றனர். அவர்களிடையே தீராத வழக்கு ஒன்றும் உண்டு. மெய்யான ஆட்டத்தை மழை இடையில் நிறுத்திவிடுகிறது. அங்ஙனமாயின் பாவனை ஆட்டத்தையும் மழை நிறுத்த வேண்டுமா? நிறுத்துமாயின் அது எவ்வகை மழையாக இருத்தல் வேண்டும்? இச்சிறு வினாவுக்குள் கலையின் மெய்ம்மை பற்றிய பெரிய வினா ஒன்று அடங்கிக் கிடக்கிறது. அதனை வெளிக்கொணர்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண் ஆட்டத்தின் அமைப்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் ஒன்பது முறை மட்டை பிடிக்கும். வெளியூர் அணி முதலில் ஆட, உள்ளூர் அணி அடுத்து ஆட, இரண்டும் சேர்ந்தது ஓர் இன்னிங்ஸ். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் முறை முடிந்தது. கால்பந்துக்குத் தொண்ணூறு நிமிடம் என்னும் வரையறை உண்டு. ஒருநாள் கிரிக்கெட்டுக்கு ஐம்பது ஓவர் என்னும் வரையறை உண்டு. பேஸ்பால் ஆட்டம் எப்போது முடியும் என்பதற்கு அத்தகைய காலக் கணக்கோ பந்துக் கணக்கோ இல்லை. கடைசி மட்டையாளர் ஆட்டமிழக்கும் வரை தோற்கும் அணிக்கும் வாழ்வு உண்டு. பத்து ஓட்டங்கள் பின்தங்கிய அணியைக்கூடக் கடிகாரம் தோற்கடித்துவிட முடியாது. அதனைச் செய்யவல்லது வானம் ஒன்றே.

வானம் குறுக்கிட்டால் நீதி வழங்கும் எல்லைக்கோடு, ஐந்தாவது இன்னிங்ஸ். ஐந்து இன்னிங்ஸ் நிறைவுற்றபின் மழை பெய்து ஆட்டம் கைவிடப்பட்டால், அந்நேரத்தில் முன்னிலையில் இருக்கும் அணி வென்றதாகக் கொள்ளப்படும். உள்ளூர் அணி முன்னிலையில் இருப்பின் நாலரை இன்னிங்ஸே போதும். அவ்வெல்லையைத் தொடுமுன் ஆட்டம் நின்றுவிடின், அது ஆட்டமே அன்று. அடித்த ஓட்டங்கள், வீழ்த்திய மட்டையாளர்கள், எறிந்த பந்துகள் யாவும் இல்லாதனவாகிவிடும். பிறிதொரு நாளில் முதற்பந்திலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். நெடுங்காலம் இதுவே விதியாக இருந்தது. கிரிக்கெட்டில் 1997 முதல் வழக்கில் உள்ள டக்வொர்த்–லூயிஸ் முறை, இழந்த ஓவர்களுக்கு ஏற்ப இலக்கையே திருத்தி எழுதுகிறது. பேஸ்பாலில் அவ்வகைத் திருத்தம் இல்லை. கோட்டைக் கடந்திருந்தால் உள்ளது அப்படியே சென்றது; கடக்காவிட்டால் உள்ளதெல்லாம் அழிந்தது.

பார்வையாளர்க்கும் இதில் பங்குண்டு. 1880களிலேயே அமெரிக்க மைதானங்களில் 'ரெயின் செக்' என்னும் வழக்கம் தோன்றிவிட்டது. ஆட்டம் மழையால் அழிந்தால், கையில் உள்ள டிக்கெட்டுத் துண்டைக் காட்டி வேறொரு நாள் உள்ளே வரலாம். 'இன்று இயலாது, மற்றொரு நாள் வருகிறேன்' என்னும் பொருளில் அச்சொல் பின்னர் ஆங்கிலப் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. காண வந்தவர்க்கு ஈடு உண்டு. ஆடியவர்க்கோ அழிந்த உழைப்புக்கு ஈடென எதுவும் இல்லை.

இதற்குச் சான்றாக 1961ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளைக் குறிப்பிடலாம். நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரோஜர் மாரிஸும் மிக்கி மேன்டிலும் அவ்வாண்டு ஹோம் ரன்களைக் குவித்துக்கொண்டிருந்தனர். 1927இல் பேப் ரூத் அடித்த 60 ஹோம் ரன் என்னும் சாதனை அசைந்துகொண்டிருந்த காலம் அது. அன்று பால்டிமோர் நகரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டாவது ஆட்டத்தில் மாரிஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். மேன்டிலும் ஒன்று அடித்தார். எல்லைக்கோட்டை ஆட்டம் தொடுமுன் மழை வந்தது. இரண்டு ஹோம் ரன்களும் ஏட்டில் ஏறவில்லை. பருவ முடிவில் மாரிஸின் கணக்கு 61. மழை பெய்யாதிருந்தால் 62 ஆகியிருக்கும் என்று சொல்லவும் வழியில்லை. ஏனெனில் அந்த ஆட்டம் மீண்டும் ஆடப்பட்டது. மழை பெய்யாத உலகில் அடுத்து வந்த நாள்கள் எவ்வாறு அமைந்திருக்கும் என்று அறிந்தவர் எவரும் இலர்.

அதே ஜூலை 17ஆம் நாள்தான் ஆட்டத்தின் ஆணையர் ஃபோர்டு ஃப்ரிக் தம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கினார். ரூத்தின் காலத்தில் பருவத்துக்கு 154 ஆட்டங்கள். 1961இல் அமெரிக்கன் லீகில் 162 ஆட்டங்கள். ஆகவே 154 ஆட்டங்களுக்குள் முறியடித்தாலன்றி அது ரூத்தின் சாதனைக்கு இணையாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரே நாளில் ஒருபுறம் மனிதர் எண்ணிக்கையைப் பற்றி வாதிட்டனர். மறுபுறம் மழை வாதம் ஏதுமின்றி இரண்டைக் கழித்துக்கொண்டு போயிற்று.

மற்றொரு சான்று சிகாகோ நகரத்து ரிக்லி ஃபீல்டு. பெரிய அணிகளின் மைதானங்களில் இரவு விளக்குகள் இன்றிப் பகலாட்டம் மட்டுமே கண்டு நெடுங்காலம் நின்றது அது. 1988 ஆகஸ்டு 8ஆம் நாள் அங்கு முதன்முதலாக விளக்கொளியில் ஆட்டம் தொடங்கியது. எதிரணியான ஃபிலடெல்ஃபியாவின் முதல் மட்டையாளர் ஃபில் பிராட்லி ஹோம் ரன் அடித்தார். அதே இன்னிங்ஸில் சிகாகோவின் ரைன் சாண்ட்பெர்க்கும் ஒன்று அடித்தார். மூன்றரை இன்னிங்ஸ் ஆனபோது மழை கொட்டியது. ஏட்டின்படி ரிக்லி ஃபீல்டின் முதல் இரவாட்டம் மறுநாள் ஆகஸ்டு 9ஆம் நாள், வேறோர் அணியுடன் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் கண்ணாரக் கண்டதொன்று வரலாற்றில் நிகழாததாயிற்று.

எல்லைக்கோட்டைக் கடந்த ஆட்டங்களுக்கும் மழையின் வடு உண்டு. எதிரணிக்கு ஒரு வெற்றியடிகூடக் கொடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடிப்பது, பந்தெறிபவர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய அரிய பெருமைகளுள் ஒன்று. 1988 செப்டம்பர் 24ஆம் நாள் மான்ட்ரியால் அணியின் பாஸ்குவல் பெரெஸ் அவ்வாறு எறிந்துகொண்டிருக்கையில், ஐந்து இன்னிங்ஸுக்குப்பின் மழையால் ஆட்டம் முடிந்தது. 1990 ஜூலை 12ஆம் நாள் அவருடைய தம்பி மெலிடோ பெரெஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்காக நியூயார்க்கில் எறிந்தபோதும் ஆறு இன்னிங்ஸோடு மழை முடித்துவைத்தது. உடன்பிறந்தார் இருவர்க்கும் ஒரே பேறு, ஒரே மழை. 1991இல் ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு, ஒன்பது இன்னிங்ஸேனும் எறிந்து முடிக்கப்பட்டாலன்றி அப்பெருமை இல்லை என்று வரையறுத்தது. இருவர் பெயரும் அப்பட்டியலிலிருந்து நீங்கின. அவர்கள் பெற்ற வெற்றிகள் மட்டும் வெற்றிகளாகவே நின்றன. வெற்றி செல்லும், வியப்பு செல்லாது என்பதே அத்தீர்ப்பின் பொருள்.

இத்தகைய ஆட்டத்தை மேசைமீது கொண்டுவர முயன்றவர்களின் வரலாறு இனிச் சுருக்கமாக. 1941இல் கடாக்கோ நிறுவனம் 'ஆல்-ஸ்டார் பேஸ்பால்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. முன்னாள் ஆட்டக்காரர் ஈதன் ஆலன் வகுத்தது அது. ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு வட்டத் தகடு. அவருடைய உண்மையான திறனுக்கு ஏற்ப அத்தகட்டில் பங்குகள் பிரிக்கப்பட்டிருக்கும். முள்ளைச் சுழற்றினால் அது நிற்கும் இடமே விளைவு. 1951இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊரில் ரிச்சர்டு சைட்ஸ் 'ஆப்பா' என்னும் ஆட்டத்தைத் தொடங்கினார். 1961இல் ஹால் ரிச்மன் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' ஆட்டத்தைக் கொணர்ந்தார். மாரிஸின் ஹோம் ரன் மழையில் கரைந்த அதே ஆண்டு அது.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் பொறிமுறை எளியது, நுட்பமானது. மூன்று பகடைகள். முதற்பகடை ஒன்று முதல் மூன்று வரை காட்டினால் மட்டையாளரின் அட்டையையும், நான்கு முதல் ஆறு வரை காட்டினால் பந்தெறிபவரின் அட்டையையும் பார்க்க வேண்டும். மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை அட்டையில் எந்த வரி என்று சொல்லும். ஒருவர் சென்ற பருவத்தில் எத்தனை முறை அடித்தார், எத்தனை முறை வீழ்ந்தார் என்னும் கணக்கு அவ்வட்டைக்குள் மறைந்திருக்கிறது. ஆயிரம் முறை உருட்டினால் மெய்யான பருவத்தை ஒத்த எண்கள் கிடைக்கும். 1981இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் அனைத்து நட்சத்திர ஆட்டம் உரிய நாளில் நடைபெறாதபோது, ஆளற்ற கிளீவ்லண்டு மைதானத்திலேயே இப்பகடைகளைக் கொண்டு ஒரு பாவனை ஆட்டம் நிகழ்த்தப்பட்டது. நோய்த்தொற்றால் 2020ஆம் ஆண்டுப் பருவம் தள்ளிப்போனபோதும் அந்நிறுவனம் நாள்தோறும் ஆட்டங்களைப் பாவனையாக நடத்தி முடிவுகளை வெளியிட்டது.

எண்கள் ஒத்துவருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அட்டைக்குள் வானம் இல்லை. தமிழ் மரபின் மொழியில் கூறின், முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். மைதானத்துக்கு மைதானம் உள்ள வேறுபாட்டைப் பாவனை ஆட்டங்கள் காலப்போக்கில் கணக்கில் கொண்டன. ஆகவே நிலம் வந்துசேர்ந்தது. பொழுது வரவில்லை. 162 ஆட்டங்களும் ஒன்பது இன்னிங்ஸ் வரை ஓடி முடியும் ஓர் உலகம் மேசைமீது உருவாயிற்று. அது மெய்யுலகைவிட ஒழுங்கானது. அவ்வொழுங்கே அதன் பொய்.

இக்குறையை நீக்க முற்படுவோர் மூவகையினர்.

முதல்வகையினர் மழையை அணியாகச் சேர்ப்பவர். மேகம் திரண்டது, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார், பணியாளர்கள் தார்ப்பாயை இழுத்து மூடினர், ஒரு மணி நேரத்துக்குப்பின் ஆட்டம் தொடர்ந்தது என்று ஏட்டில் ஒரு வரி எழுதப்படும். எல்லா மழையும் விட்டுவிடும் மழையாகவே அமையும். விட்டே தீரும் என்று முன்னரே தெரிந்த மழை யாரையும் நனைப்பதில்லை. அது மேடைக்குப் பின்னால் தொங்கும் வண்ணத்திரையைப் போன்றது.

இரண்டாம் வகையினர் ஏட்டை நம்புபவர். 1989இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய ரெட்ரோஷீட் என்னும் அமைப்பு, பழைய ஆட்டங்களின் நிகழ்வுக்கு நிகழ்வு விவரங்களைத் திரட்டி எவரும் எடுத்தாளுமாறு வைத்திருக்கிறது. அதன் பட்டியலில் ஒவ்வோர் ஆட்டமும் எத்தனை ஆட்டமிழப்புகள் நீண்டது என்னும் எண் உண்டு. முழு ஆட்டமாயின் 54. கடைசி முறை உள்ளூர் அணி ஆடத் தேவையின்றி வென்றிருந்தால் 51. அவற்றினும் மிகக் குறைந்த எண் இருப்பின், பெரும்பாலும் வானம் குறுக்கிட்டது என்று அறியலாம். பழைய பருவத்தை மீண்டும் ஆடுபவர், மெய்யாக ஆறு இன்னிங்ஸில் நின்ற ஆட்டத்தைத் தம் மேசையிலும் ஆறு இன்னிங்ஸில் நிறுத்துகிறார். இது வரலாற்றுக்கு உண்மையானது. இதனினும் நேர்மையான முறை வேறில்லை என்று தோன்றும்.

ஆனால் இங்கேதான் நுட்பமான குறை ஒன்று நுழைகிறது. ஆறாவது இன்னிங்ஸோடு ஆட்டம் முடியும் என்று பகடை உருட்டுபவர்க்கு முன்னரே தெரியும். மெய்யான ஆட்டத்தில் அணி மேலாளருக்கு அது தெரியாது. மேற்கே கறுத்த வானம் தெரியும், அவ்வளவே. அந்த அறியாமையே அவருடைய ஒவ்வொரு முடிவையும் ஆள்கிறது. நான்காவது இன்னிங்ஸில் முன்னிலையில் இருக்கும் அணி விரைகிறது. ஐந்தை முடித்துவிட்டால் வெற்றி கையில். பின்தங்கிய அணி காலத்தைக் கடத்துகிறது. எறிபவர் பந்தைத் துடைக்கிறார், மட்டையாளர் காலணியைக் கட்டுகிறார், மேலாளர் மெல்ல நடந்து எறிமேட்டுக்கு வருகிறார். வேண்டுமென்றே தாமதித்தால் ஆட்டத்தையே எதிரணிக்கு வழங்கும் அதிகாரம் நடுவர்க்கு உண்டு. ஆட்டத்தை நிறுத்தியபின் குறைந்தது முப்பது நிமிடம் காத்திராமல் கைவிடக் கூடாது என்பதும் விதி. அந்த முப்பது நிமிடத்தில் எறிபவரின் தோள் குளிர்கிறது. மழை விட்டாலும் அவரை மீண்டும் அனுப்புவதா, வேறொருவரைத் தொடங்கச் சொல்வதா என்னும் கவலை மேலாளரை அரிக்கிறது. இவை யாவும் முடிவு தெரியாமையின் பிள்ளைகள். முடிவை முன்னரே அறிந்தவர் எத்துணை நேர்மையாக ஆடினாலும் அப்பிள்ளைகளை ஈன்றெடுக்க இயலாது. அவர் மேசையில் சரியான முடிவு உண்டு. சரியான அச்சம் இல்லை.

மூன்றாம் வகையினர் மழையையும் பகடையிடமே விட்டுவிடுபவர். ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்ப மழை வாய்ப்பை முன்கூட்டி வகுத்து வைத்துக்கொள்வர். ஒவ்வோர் இன்னிங்ஸின் தொடக்கத்திலும் ஒருமுறை உருட்டுவர். மழை வந்துவிட்டால் எவ்வளவு நேரம் என்பதற்கு மற்றொரு முறை உருட்டுவர். நீண்டுவிட்டால் தொடக்க எறிபவர் வெளியேற வேண்டும். ஐந்து முடியுமுன் ஆட்டம் அழிந்தால் அதனைப் பின்னொரு நாளில் இரட்டை ஆட்டமாக வைக்க வேண்டும். இரட்டை ஆட்டம் வந்தால் எறிபவர்களின் முறைவரிசை குலையும். ஓய்வில் இருக்க வேண்டியவர் களமிறங்க நேரும், அல்லது அணியின் கடைசி எறிபவர்க்கு வாய்ப்புக் கிட்டும். ஏப்ரல் மாதத்து மழை ஒன்று செப்டம்பர் மாதத்துத் தோல்விக்குக் காரணமாகலாம். மெய்யுலகில் மழை அன்றோடு காய்ந்துவிடுவதில்லை. பருவம் முழுவதும் அதன் ஈரம் பரவியிருக்கும். மேசைமீதும் அவ்வீரம் பரவ வழிசெய்வது இம்மூன்றாம் முறையே.

இம்முறைக்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு; அதனைப் புறந்தள்ளல் ஆகாது. நாள் முழுதும் உழைத்து வந்த ஒருவர் இரவில் ஒரு மணி நேரம் அமர்ந்து உருட்டிய ஆட்டத்தை நான்காவது இன்னிங்ஸில் அழித்துவிட வேண்டுமா? இன்பத்துக்காக ஆடுவதில் துன்பத்தை வலிந்து சேர்ப்பானேன்? அட்டையில் உள்ள எண்கள் பருவம் முழுவதன் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றுள் மழையும் ஏற்கெனவே கலந்திருக்கிறதே என்பர். இம்மறுப்பின் முதற்பாதி நியாயமானது. விளையாட்டு, தண்டனை அன்று. விரும்பாதவர் மழையை விலக்கிக்கொள்ள உரிமை உடையவர். இரண்டாம் பாதி அவ்வளவு உறுதியானதன்று. சராசரியில் மழை கலந்திருப்பது உண்மை. ஆயின் சராசரி எந்த நாளிலும் நிகழ்வதில்லை. நிகழ்வது ஒரு நாள், ஒரு மேகம், ஒரு மனிதனின் கையிலிருந்து நழுவிய ஒரு வெற்றி.

இவ்விடத்தில் நாவல் ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். 1968இல் ராபர்ட் கூவர் 'தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்' என்று சுருங்க வழங்கும் நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் ஹென்றி வாஹ் ஒரு கணக்கர். தாமே கற்பித்த ஆட்டக்காரர்களைக் கொண்டு, தாமே வகுத்த பட்டியல்களின்படி, சமையலறை மேசையில் பகடை உருட்டி ஒரு பேஸ்பால் உலகை நடத்திவருகிறார். அவர் பெரிதும் நேசிக்கும் இளம் எறிபவன் டேமன் ரதர்ஃபோர்டு. அரிய நிகழ்ச்சிகளுக்கென வகுத்த பட்டியல் ஒன்றில் பகடை கொடிய எண்ணைக் காட்ட, எதிரணியின் ஜாக் கேசி எறிந்த பந்து தாக்கி டேமன் இறக்கிறான். ஹென்றி உடைந்துபோகிறார். பின்னொரு நாள் அவர் பகடையை உருட்டாமல் தம் கையாலேயே திருப்பிவைத்துக் கேசியைக் கொல்கிறார். அக்கணத்தோடு அவர் உலகத்தின் இயல்பே மாறிவிடுகிறது. அதுவரை அது நிகழ்ந்துகொண்டிருந்த உலகம். அதன்பின் அது செய்யப்பட்ட உலகம். படைப்பவனுக்கு உரிய மிகப் பெரிய சோதனை இதுவே. தமக்கு வேண்டிய அணி நான்காவது இன்னிங்ஸில் முன்னிலையில் இருக்கையில் பகடை மழையைக் காட்டினால், இன்னொரு முறை உருட்டத் தோன்றும். அறையில் வேறு எவரும் இலர். ஏட்டில் எழுதப்போவதும் அவரே. அவ்விடத்தில் கை நிற்குமானால், அதுவே பாவனை ஆட்டத்தின் அறம்.

மெய்யுலகின் ஆட்சியாளர்க்கும் இச்சோதனை வந்ததுண்டு. 2008ஆம் ஆண்டின் உலகத் தொடரில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி டாம்பா பே ரேஸ் அணியை 3–1 என்று முந்தியிருந்தது. அக்டோபர் 27ஆம் நாள் ஐந்தாவது ஆட்டம். ஐந்து இன்னிங்ஸ் முடிவில் ஃபிலடெல்ஃபியா 2–1 என்று முன்னிலை. மழை வலுத்தது, களம் சேறாயிற்று. எல்லைக்கோடு கடந்தாயிற்று, பழைய விதி எழுத்தின்படி அங்கேயே நின்றிருந்தால் ஓர் அணி மழையால் வாகையர் ஆகியிருக்கும். ஆறாவது இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்த நிலையில், பி. ஜே. அப்டன் சேற்றில் ஓடி இரண்டாம் தளத்தைக் கவர்ந்தார். கார்லோஸ் பேன்யாவின் அடியில் ஓட்டம் எடுத்து 2–2 என்று சமன் செய்தார். அதன்பின் ஆட்டம் நிறுத்தப்பட்டு, அக்டோபர் 29ஆம் நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஃபிலடெல்ஃபியா 4–3 என்று வென்று வாகை சூடியது. உலகத் தொடரில் ஓர் ஆட்டம் இடைநிறுத்தப்பட்டுப் பின்னொரு நாள் தொடர்ந்தது அதுவே முதன்முறை.

உலகத் தொடர் மழையால் முடிவதைத் தாம் ஒருபோதும் அனுமதித்திருக்கப் போவதில்லை என்று ஆணையர் பட் செலிக் தெரிவித்தார். 2009 தொடக்கத்தில் அதுவே எழுதப்பட்ட விதியாயிற்று. பருவத்துக்குப் பிந்திய ஆட்டங்கள் எத்தனை நாள் ஆயினும் முழுமையாக ஆடி முடிக்கப்படும். 2020ஆம் ஆண்டுப் பருவத்தில், ஐந்து இன்னிங்ஸுக்கு முன் நின்ற ஆட்டங்களும் அழிக்கப்படாமல் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று விதிக்கப்பட்டது. மழையின் அதிகாரத்தை மனிதர் சிறிது சிறிதாகக் குறைத்துவருகின்றனர். இதில் ஒரு நேர்மை உண்டு: விதியை வெளிப்படையாக, எல்லோர்க்கும் பொதுவாக, அடுத்த ஆட்டம் தொடங்குமுன் மாற்றினார்கள். ஹென்றி செய்ததுபோல் அறைக்குள் பகடையைத் திருப்பிவைக்கவில்லை. ஆகவே 1961ஐ மேசையில் ஆடுபவர் 1961இன் விதிக்கும், பிற்காலப் பருவத்தை ஆடுபவர் அக்காலத்து விதிக்கும் கட்டுப்படுதலே மெய்ம்மை. மாரிஸின் ஹோம் ரன்னை அழித்தது மழை மட்டுமன்று. மழையும் அவ்வாண்டின் விதியும் சேர்ந்தே அழித்தன.

கூரை வேய்ந்தால் மழையை வென்றுவிடலாம் என்றும் மனிதர் எண்ணினர். 1965இல் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் முழுதும் மூடிய அரங்கம். 1976 ஜூன் 15ஆம் நாள் அங்கேயும் ஆட்டம் மழையால் தள்ளிவைக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் உள்ளே இருந்தனர், களம் காய்ந்திருந்தது. நகரத்துச் சாலைகள் வெள்ளத்தில் மூழ்கியமையால் நடுவர்களும் மக்களும் வந்துசேர இயலவில்லை. கூரையிட்ட மைதானத்துக்கு மழை வாய்ப்புச் சுழியம் என்று பட்டியலில் எழுதுபவர் அந்நாளை எண்ணிச் சற்றே தயங்குதல் நன்று.

இவ்வளவும் கவிஞர்க்கு என்ன சொல்கின்றன? புலனெறி வழக்கத்தில் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைய வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. பகடையும் அட்டையும் நாடக வழக்கு; மழை உலகியல். பல செய்யுள்களில் மழை பெய்கிறது. ஆனால் பாட்டில் எதுவும் நனைவதில்லை. மழையை நீக்கிவிட்டு வெயிலை வைத்தாலும் பாட்டு அப்படியே நிற்குமானால், அது தார்ப்பாய் இழுத்து மூடிய மழையே. முல்லைத் திணையில் கார்காலம் அவ்வாறானதன்று. தலைவன் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற பருவம் அது. மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. மழை அங்கே வண்ணம் அன்று, தவணை. அதனை நீக்கினால் தலைவியின் துயரே இல்லை. வானத்துக்குப் பாட்டின் முடிவில் அதிகாரம் உண்டு.

மெய்ம்மை என்பது விவரங்களைக் குவித்தல் என்று பலர் கருதுகின்றனர். தெருவின் பெயர், கடையின் பெயர், பெய்த மழையின் ஓசை ஆகியவற்றை எழுதிவிட்டால் நடப்பியல் வந்துவிட்டது என்பது அவர்தம் எண்ணம். பாவனை ஆட்டக்காரர்களின் வழக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது. சேர்த்த விவரத்துக்கு, படைப்பின் போக்கையே மறிக்கும் உரிமையையும் கொடுக்க வேண்டும். படைப்பவனின் விருப்பத்துக்கு மாறாகவும் அது நடந்துகொள்ள இடம்விட வேண்டும். முடிவைத் தம் மனத்தில் வைத்துக்கொண்டு அதை நோக்கியே ஒவ்வொரு வரியையும் செலுத்துபவர், ஆறாவது இன்னிங்ஸில் ஆட்டம் நிற்கும் என்று அறிந்தே உருட்டுபவரை ஒத்தவர். அவர் கவிதை சரியாக முடியும். ஆனால் அதில் எவரும் மேற்கு வானத்தை அண்ணாந்து பார்க்க மாட்டார்.

எஞ்சுவது ஒன்று. அழிந்த ஆட்டத்தின் தாளை என்ன செய்வது? கணக்கில் அதற்கு இடமில்லை, விதி அவ்வாறு. ஆயினும் அதனைக் கிழித்தெறியாமல் தனிக் கட்டாகக் கட்டிவைத்தல் தகும். கணக்கில் ஏறாமை வேறு, நிகழாமை வேறு. மாரிஸ் அன்று அடித்தார். பிராட்லி விளக்கொளியில் முதன்முதலாக அடித்தார். பெரெஸ் உடன்பிறந்தார் எறிந்த அத்தனை பந்துகளும் எறியப்பட்டவையே. பட்டியலில் இடம்பெறாதவற்றுக்கும் உலகில் ஓரிடம் உண்டு என்று காட்டும் கடமை, பட்டியல் எழுதுவோரைவிடப் பாட்டு எழுதுவோர்க்கே மிகுதி. பத்தாண்டு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் அக்கடமையைத் தொடர்ந்து ஆற்றுவார்களாக.